உறவுக்குள் கணக்கு என்ன?

“உறவுக்குள் கணக்கு என்ன?” இவ்வாக்கியம் நம்மவர் வீடுகளில் நாள்தோறும் ஒலிக்கின்றது. கொடுப்பவர் தமது பெருந்தன்மையைக் காட்ட இதனைக் கூறுகின்றார். வாங்குபவர் திருப்பிக் கொடுக்கும் நாளைத் தள்ளிப்போட இதனைக் கூறுகின்றார். நடுவில் நிற்கும் பெரியவர் பேச்சை முடித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க இதனைக் கூறுகின்றார். கேட்பதற்கு இனிமையான வாக்கியந்தான். அன்பு ததும்பும் வாக்கியந்தான். ஆயினும், தோட்டத்திலும் பட்டணத்திலும் நமது குடும்பங்களை உள்ளிருந்து அரிக்கும் கறையான்களுள் இதனினும் கொடியது வேறில்லை என்பது நமது துணிபு. கசப்பாயினும் அதனைச் சொல்லியே தீரவேண்டியிருக்கின்றது.

கடன்பட்ட ஒருவர், அக்கடனை அடைப்பதற்குத் தம் குடும்பத்தாரின் உதவியை ஏற்கலாமா, ஏற்கலாகாதா? இதுவே நாம் எடுத்துக்கொண்ட வினா. இதற்கு இருவகை விடைகள் வழங்குகின்றன. “ஏற்பதே இழிவு, ஆண்பிள்ளை பட்ட கடனை ஆண்பிள்ளையே அடைக்கவேண்டும்” என்பர் ஒருசாரார். “பெற்றவர்களும் உடன்பிறந்தவர்களும் பிறகு எதற்கு இருக்கின்றார்கள்? கேட்குமுன்னே கொடுக்கவேண்டும்” என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் எதிர்ப்பதாக எண்ணிக்கொண்டிருக்கின்றனர். ஆராய்ந்து பார்த்தால் இருவரும் செய்வது ஒன்றே: கணக்கை மறைக்கின்றனர். முன்னவர் மானத்தின் பேரால் மறைக்கின்றார். பின்னவர் பாசத்தின் பேரால் மறைக்கின்றார். மறைக்கப்பட்ட கணக்கு வளர்கின்றது.

ஒரு குடும்பத்தின் கதை

கிள்ளான் வட்டாரத்தில் நாம் அறிந்த ஒரு குடும்பம் உண்டு. தகப்பனார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்பு நிலமானபின் குடும்பத்தோடு பட்டணத்திற்கு வந்து, சில ஆண்டுகளில் காலமானார். தாயார் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் நின்றுகொண்டே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூத்த மகள் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவர். இளைய மகன் லாரி ஓட்டுநர். மனைவியும் இரண்டு குழந்தைகளும் உடையவர்.

இந்த இளையவர் கடன்பட்டார். குடியுமில்லை, சூதுமில்லை. மூத்த குழந்தையின் காதுகுத்துக்கு மண்டபம் பிடித்து விருந்திட்டார். அதற்குக் கடன் அட்டையைத் தேய்த்தார். அடுத்த ஆண்டு கை முறிந்து இரண்டு மாதம் லாரி ஏறமுடியாமற் போயிற்று. தவணை நின்றது, வட்டி ஏறிற்று. தாயார் எப்படியோ அறிந்தார். ஊழியர் சேமநிதியிலிருந்த தமது பணத்தில் 12,000 வெள்ளியை எடுத்து வந்து மகன் கையில் வைத்தார். “எவ்வளவு கடன்? யாருக்கு? எதனால்?” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “பெற்ற பிள்ளையிடம் கணக்குக் கேட்பதா?” என்றார். பிள்ளையும் வாய் திறந்து சொல்லவில்லை.

பதினெட்டு மாதம் கழிந்தது. ஒருநாள் விடியற்காலையில் அவ்வீட்டு வாயிற்கதவில் சிவப்புச் சாயம் வழிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுச் சுவரில், மகனுடைய படமும் அடையாள அட்டையின் நகலும் அச்சிட்ட தாள் ஒட்டப்பட்டிருந்தது. அண்டை அயலார் அதனைப் படித்துக்கொண்டு நின்றனர். பள்ளிக்குப் புறப்பட்ட குழந்தையும் படித்தது. தமக்கையிடம் சொல்ல வெட்கப்பட்டவருடைய கடனைத் தெருவே படித்தது.

இக்குடும்பம் பின்னர் என்ன செய்தது என்பதைப் பிறகு கூறுவோம். இதில் நடந்த பிழை யாது என்பதை முதலில் ஆராய்வோம்.

மொய் நோட்டே சாட்சி

உறவுக்குள் கணக்குப் பார்ப்பது நம் மரபன்று என்போரை நாம் ஒன்று கேட்கின்றோம்: மண்டப வாயிலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த இருவர் யார்? அவர்கள் கையிலிருக்கும் நோட்டு என்ன நோட்டு? மாமன் 101 வெள்ளி, சிற்றப்பன் 51 வெள்ளி, பக்கத்து வீட்டார் 31 வெள்ளி என்று ஊர், பேர், உறவு குறித்து எழுதுகின்றார்களே, அது கணக்கன்றி வேறு யாது? பத்து ஆண்டு சென்றபின், அந்த மாமன் வீட்டுக் கலியாணத்தன்று பெட்டியைத் திறந்து அந்நோட்டைப் புரட்டி, “நமக்கு 101 செய்தார், நாம் குறைத்துச் செய்யலாகாது” என்று பேசிக்கொள்ளாத குடும்பம் எது? மொய் நோட்டைத் தொலைத்த வீட்டுக்காரி படும் பாட்டை நாம் அறியோமா?

ஆகவே, உறவுக்குள் கணக்கு வைப்பது நமக்குப் புதிதன்று. விருந்துக்குக் கணக்கு வைக்கின்றோம். விபத்துக்குத்தான் கணக்கு வைப்பதில்லை! ஐம்பத்தொரு வெள்ளி அன்பளிப்பை மை கொண்டு எழுதுகின்ற நாம், பன்னிரண்டாயிரம் வெள்ளி உதவியைக் காற்றில் விடுகின்றோம். இஃது என்ன விந்தை!

இந்நாட்டில் செல்வம் சேர்த்த நகரத்தாரைப் பாருங்கள். சிங்கப்பூர் மார்க்கெட் வீதிக் கிட்டங்கிகளில் கைப்பெட்டியை முன்வைத்துச் சம்மணமிட்டிருந்த அச்செட்டிமார், சொந்தத் தம்பிக்குக் கொடுத்ததையும் பேரேட்டில் எழுதினர். அவர்களுள் மணமான மகன் பெற்றோர் வீட்டிலேயே வாழ்ந்தாலும், தனி அடுப்பும் தனிப் புள்ளியும் உடையவனாய்த் தன் வரவு செலவைத் தான் வைத்துக்கொண்டான். அதனால் அவர்கள் வீட்டில் அன்பு வற்றிவிடவில்லை. அவர்களுடைய வட்டியைப்பற்றிப் பிறிதோரிடத்தில் பேசலாம். அவர்களுடைய நோட்டைப்பற்றி நாம் கற்கவேண்டியது மிகவுண்டு. கணக்கு உறவைக் கெடுப்பதில்லை. எழுதாத கணக்கே உறவைக் கெடுக்கின்றது. எழுதாத கணக்கில் கொடுத்தவர் நினைவில் தொகை ஆண்டுதோறும் ஏறுகின்றது. வாங்கியவர் நினைவில் ஆண்டுதோறும் இறங்குகின்றது. ஒருநாள் இரண்டும் மோதுகின்றன. அன்றைக்கு இழவு வீட்டிலும் முகம் பாராத பகையாகின்றது.

மானம் எங்கே போயிற்று?

இனி, மானத்தின் பேரால் மறைப்போரிடம் வருவோம். “அண்ணன் முன் கைநீட்டுவதைவிடச் சாவதே மேல்” என்கின்றார் ஒருவர். அப்படிச் சொன்னவர் மறுநாள் யாரிடம் கைநீட்டுகின்றார்? விளக்குக் கம்பத்தில் தொலைபேசி எண்ணை ஒட்டிவைத்திருக்கும் ஆலோங்கிடம்! அண்ணனிடம் பணியாத தலை, வட்டி முதலையின் முன் பணிகின்றது. அண்ணனிடம் காட்டாத சம்பளச் சீட்டை அவனிடம் காட்டுகின்றார். மனைவியிடம் கொடாத வங்கி அட்டையை இரகசிய எண்ணோடு அவனிடம் கொடுக்கின்றார். இதுவோ மானம்?

அவ்வணிகத்தின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். மேற்சொன்ன இளையவர் அப்படிப்பட்ட ஒருவனிடம் 3,000 வெள்ளி வாங்கினார். முதல் வாரத்து வட்டியென்று 450 வெள்ளியைப் பிடித்துக்கொண்டு, கையில் 2,550 வெள்ளி கொடுத்தான். அதன்பின் வாரந்தோறும் 450 வெள்ளி. பத்து வாரத்தில் 4,500 வெள்ளி கட்டியாயிற்று. முதலோ 3,000 வெள்ளியாகவே நின்றது. மலேசியாவின் 1951-ஆம் ஆண்டு வட்டித் தொழிற் சட்டப்படி, உரிமம் பெற்றவர் ஈடில்லாக் கடனுக்கு வாங்கக்கூடிய உச்சவட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 18. ஈடுள்ள கடனுக்கு 12. 3,000 வெள்ளிக்கு ஓர் ஆண்டு முழுவதற்கும் சட்டம் அனுமதிக்கும் வட்டி 540 வெள்ளி. சட்டம் ஓர் ஆண்டுக்கு அனுமதிப்பதை ஏறத்தாழ ஒரே வாரத்தில் அவன் பறித்துக்கொண்டான்! சிங்கப்பூரிலும் 2015 அக்டோபர் முதல் உரிமம் பெற்றவர் மாதத்திற்கு நூற்றுக்கு 4-க்கு மேல் வட்டி வாங்கலாகாது. வட்டியும் கட்டணங்களும் எல்லாம் சேர்ந்தாலும் கொடுத்த முதலைத் தாண்டலாகாது. உரிமமின்றி வட்டிக்கு விடுவது இரு நாட்டிலும் குற்றம். மலேசியச் சட்டப்படி அவனுடைய ஒப்பந்தம் நீதிமன்றத்திற் செல்லாது. ஆதலால்தான் அவன் நீதிமன்றத்திற்குப் போகாமல் சாயவாளியைத் தூக்கிக்கொண்டு வருகின்றான். அவனுக்குள்ள ஒரே பத்திரம் நம்மவருடைய வெட்கம். “குடும்பத்தாருக்குத் தெரிந்துவிடும்” என்ற அச்சத்தையே அவன் ஈடாகப் பிடித்திருக்கின்றான். குடும்பத்தாருக்கு நாமே முதலில் சொல்லிவிட்டால் அவ்வீடு அவன் கையைவிட்டு நழுவுகின்றது.

நம் முன்னோரும் கடனோடுதான் இந்நாட்டில் கால் வைத்தார்கள். 1907-இல் தமிழர் குடிநுழைவு நிதி ஏற்பட்டு முதலாளிமார் செலுத்தும் பணத்தில் கப்பற்செலவு கழியத் தொடங்குமுன், ஊரில் வாங்கிய முன்பணமும் கப்பற்கூலியுமே பலருக்கு முதற்கடன். 1910-இல் ஒப்பந்தக்கூலி முறை ஒழிந்தது. 1938-இல் கங்காணி மூலம் ஆள் கொண்டுவருவதும் நின்றது. எழுத்தறியாத அந்தப் பாட்டன், கங்காணியின் நோட்டில் தன் பேருக்கு நேரே என்ன எழுதியிருக்கின்றது என்று அறியாமலே விரல் பதித்தான். அவனுக்கு வேறு வழியில்லை. அவன் பேரன் இன்று படித்திருக்கின்றான். கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும். அவனும் தன் கடனைக் கூட்டிப் பாராமல் கண்ணை மூடிக்கொண்டிருப்பானேயாகில், அது பாட்டன் பட்ட பாட்டுக்குச் செய்யும் துரோகமன்றோ?

பாசத்தின் பேரால்

இனி, கேட்காமலே கொடுப்போரிடம் வருவோம். இவர்களை நாம் குறைகூறும்போது வாசகர்கள் சிலர் சினங்கொள்ளக்கூடும். தாய் கொடுப்பதையா குறைசொல்வது என்பர். தாயின் மனத்தை நாம் குறைசொல்லவில்லை. கேள்வி கேளாமல் கொடுத்த அச்செயலைத்தான் சொல்லுகின்றோம்.

அந்த 12,000 வெள்ளி எங்கே போயிற்று? அடுப்பிலும் போகவில்லை, ஆடம்பரத்திலும் போகவில்லை. எந்தக் கடன் அவசரம், எது பொறுக்கும் என்று யாரும் வகுத்துப் பாராமையால், அதிகமாகச் சத்தம் போட்டவனுக்கு முதலிற் போயிற்று. கடன் அட்டையின் முதல் அப்படியே நின்றது. பணம் தீர்ந்தவுடன் அட்டையின் வட்டியைக் கட்ட மறுபடியும் கடன். நோய் இன்னதென்று கேளாமல் மருந்தைக் கொட்டுகின்ற வைத்தியத்தை எவரும் செய்வதில்லை. கடன் நோய்க்கு மட்டும் அதனையே செய்கின்றோம். மேலும், ஒருமுறை கேள்வியின்றிக் கிடைத்த பணம், இன்னொரு முறையும் கேள்வியின்றிக் கிடைக்கும் என்ற நம்பிக்கையை உண்டாக்குகின்றது. சூதாட்டத்தால் வந்த கடனுக்கு இப்படிக் கொடுப்பதோ, எரிகின்ற வீட்டுக்கு எண்ணெய் வார்ப்பதாகும். அத்தகையோர் கையில் ஒரு காசும் கொடாமல், வேறு வகையில் உதவவேண்டும். சிங்கப்பூரில், உறவினர் ஒருவர் சூதாட்டக்கூடத்திற்குள் நுழையாதபடி குடும்பத்தாரே விண்ணப்பித்துத் தடையாணை பெற வழி இருக்கின்றது. அவருக்கு அன்று கசப்பாக இருக்கும். பின்னர் அதுவே அன்பென்று அறிவார்.

ஏற்கத்தகாத மூன்று

குடும்பத்தார் கொடுத்தாலும், அழுது வற்புறுத்தினாலும், கடன்பட்டவர் ஏற்கலாகாத உதவிகள் மூன்று உண்டு.

முதலாவது, முதியோரின் சேமநிதி. 2020 முதல் 2022 வரை நோய்த்தொற்றுக் காலத்தில் மலேசிய அரசாங்கம் திறந்துவிட்ட சிறப்பு வழிகளில், சேமநிதி அங்கத்தினர்கள் ஏறத்தாழ 14,500 கோடி வெள்ளியை வெளியே எடுத்தார்கள். பசிக்கு எடுத்தவர்களை நாம் குற்றஞ்சொல்லோம். ஆயினும் பலருடைய முதுமைக்கென்று வைத்த பானை அன்றே அடிதட்டிப்போயிற்று. 2024 மே முதல், வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் மூன்றாங்கணக்கு ஒன்றும் சேர்க்கப்பட்டிருக்கின்றது. புதிதாய்க் கட்டும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு அதற்குப் போகின்றது. இன்னும் ஒன்று கவனியுங்கள்: சேமநிதியில் இருக்கும் பணத்தை, அங்கத்தினர் தாமே பட்ட கடனுக்காகக்கூடக் கடன்காரர் பற்றமுடியாது என்று சட்டம் வேலி கட்டியிருக்கின்றது. நீதிமன்றமும் தொடமுடியாத அந்தப் பணத்தை மகனுடைய கண்ணீர் தொட்டுவிடுகின்றது! மகனுக்கு முப்பத்தைந்து வயது; கையுண்டு, காலுண்டு, இன்னும் இருபத்தைந்து ஆண்டுச் சம்பளம் உண்டு. தாய்க்கு அறுபத்திரண்டு வயது. அவர் இழந்த வெள்ளியை எந்த ஆலையில் நின்று மீண்டும் சம்பாதிப்பார்?

இரண்டாவது, ஜாமீன் கையெழுத்து. “பணம் வேண்டா, ஒரு கையெழுத்துப் போதும்” என்று கேட்பது சிறிய உதவி போல் தோன்றும். உதவிகளுள் பெரியது அதுவே. வீடு, சொந்த வாகனம், கல்வி ஆகியவற்றுக்கு இலாபங்கருதாமல் ஜாமீன் நின்றோரைத் திவாலாக்க முடியாதென்று 2017 அக்டோபர் முதல் மலேசியச் சட்டம் காப்பளித்திருக்கின்றது. தனிநபர்க் கடனுக்கோ வியாபாரக் கடனுக்கோ இட்ட கையெழுத்து அக்காப்பினுள் அடங்குவதன்று. திவாலாக்குவதற்கான கடன் வரம்பு 2021 முதல் 100,000 வெள்ளியாக உயர்ந்திருக்கின்றது என்று மனந்தேறுவாரும் உளர். வழக்கும் பொருள் ஜப்தியும் அதற்குக் குறைந்த தொகைக்கும் வரும் என்பதை அவர்கள் நினைத்துப்பார்க்க வேண்டும். ஒருவர் வெள்ளத்தில் விழுந்தால், கரையில் நிற்பவர் கயிறு வீசவேண்டும். கயிற்றின் மறுமுனையைத் தம் கழுத்தில் கட்டிக்கொள்ளலாகாது.

மூன்றாவது, மனைவியரும் தமக்கை தங்கையரும் அறியாமல் எடுக்கப்படும் நகை. மலேசியாவில் அடகுக்கடை வட்டி மாதம் நூற்றுக்கு 2. மீட்பதற்குத் தவணை ஆறு மாதம். வேளைக்கு மீட்க வழியிருந்து, உடையவர் அறிந்து மனமொப்பிக் கொடுத்தால் அது முறையான கடனே. ஆலோங்கிடம் போவதினும் பன்மடங்கு மேல். அவர் அறியாமல் அலமாரியிலிருந்து எடுத்து வைப்பதற்குப் பேர் வேறு. குடும்ப உதவியென்று அதனை அழைப்பதை நாம் ஒப்போம்.

கொடுப்போருக்கும் ஒரு வார்த்தை

கடன்பட்டவரை மட்டும் கடிந்துவிட்டு நிறுத்திக்கொள்வது நீதியாகாது. நம்மவர் உறவினரிடம் கேட்க அஞ்சுவதற்குக் காரணம், கொடுத்த சிலர் நடந்துகொள்ளும் விதமேயாகும். 2,000 வெள்ளி கொடுத்தவர், தம்பியின் குடும்பத்தையே விலைக்கு வாங்கிவிட்டவர் போல் நடக்கின்றார். தம்பி மகளின் கலியாணப் பேச்சில் நாற்காலி போட்டு முதலில் உட்காருகின்றார். கோயில் திருவிழாவில் நாலுபேர் நடுவே, “நான் மட்டும் இல்லையென்றால்...” என்று தொடங்குகின்றார். தம்பி மனைவி ஒரு புதுச் சேலை கட்டினால், “கடன் இருக்கும்போது சேலை வேறா?” என்று கேட்கின்றார். ஆலோங் வீசுவது சிவப்புச் சாயம், கழுவினால் போகும். இவர் வீசும் சாயம் எதனாற் போகும்?

ஆதலின் கொடுப்போர்க்கு நாம் கூறுவது இது: கொடுக்குமுன் கேளுங்கள், கொடுத்தபின் பேசாதீர்கள். தொகை, தவணை, நாள் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். திரும்ப வேண்டாமென்றால், “இது கொடை” என்று அதனையும் எழுதிவிட்டு, அன்றோடு மறந்துவிடுங்கள். கடன் என்று எழுதினால் தவணைக்கு மேல் உரிமை கொண்டாடாதீர்கள். கொடுக்க முடியாதவரோ, முடியாதென்று முகத்துக்கு நேரே அன்பாகச் சொல்லுங்கள். “பார்க்கலாம்” என்று சொல்லி மூன்று மாதம் இழுப்பது, மறுப்பதினும் கொடுமை.

“எங்கள் குடும்பத்தில் யாரிடம் என்ன இருக்கின்றது கொடுக்க?” என்று செம்பனைத் தோட்டத்து நண்பர் ஒருவர் நம்மைக் கேட்டார். நியாயமான கேள்வி. நாம் பணத்தை மட்டும் உதவியென்று எண்ணிப் பழகிவிட்டோம். ஆலோசனை மையத்திற்கு ஒருநாள் விடுப்பெடுத்துக்கொண்டு உடன் போவது உதவி. காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது பக்கத்தில் நிற்பது உதவி. ஆறு மாதம் தங்க ஓர் அறை விட்டு வாடகையை மிச்சப்படுத்தித் தருவது உதவி. வேலைக்குப் போகும் மருமகளின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது உதவி. காதுகுத்துக்கு மண்டபம் வேண்டா, வீட்டிலேயே போதும் என்று பெரியவர் முந்திச் சொல்வது, வந்த கடனை அடைப்பதினும் பெரிய உதவி. அது வரவிருக்கும் கடனைத் தடுக்கின்றது.

மூன்று இரவுகள்

இப்போது அந்தக் கிள்ளான் குடும்பத்திற்குத் திரும்புவோம். சாயம் வீசப்பட்ட அன்று மாலை, தாயார் மறுபடியும் சேமநிதிப் புத்தகத்தை எடுத்தார். மூத்த மகள் குறுக்கே நின்றார். “அம்மா, முதலில் கணக்கு, பிறகு பணம்” என்றார். தாயார் கோபித்தார், “கூடப்பிறந்தவனிடம் இப்படியா?” என்று அழுதார். மகள் இசையவில்லை. தம்பியின் கலியாண மொய் நோட்டில் பின்பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. அவற்றை விரித்து வைத்துக்கொண்டு, “சொல்லு, தம்பி” என்றார்.

முதல் இரவு தம்பி சொன்னது கடன் அட்டை மட்டும்: 7,800 வெள்ளி. அவ்வளவுதானா என்று தமக்கை கேட்டார். அவ்வளவுதான் என்றார். இரண்டாம் இரவு, வங்கியில் வாங்கிய தனிநபர்க் கடனில் நிலுவை 5,600 வெள்ளி என்று வெளிவந்தது, ஆக 13,400. மூன்றாம் இரவு, மனைவியும் அறியாத பகுதி வந்தது: உரிமமற்ற இருவரிடம் 3,000-மும் 2,000-மும், வீட்டு வாடகை பாக்கி 1,000-மும். கூட்டிப்பார்த்தால் 19,400 வெள்ளி. கடன்பட்டவர் எவரும் முதல் இரவில் முழு உண்மையைச் சொல்வதில்லை. அவர் பொய்யர் என்பதனால் அன்று. தம்மிடமே அதனை அவர் இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை என்பதனால். ஆகவேதான் கணக்குக் கேட்பதற்குப் பொறுமை வேண்டும். முதல் இரவே பணத்தைக் கொடுத்திருந்தால், மூன்றாம் இரவின் உண்மை இன்னொரு சாயவாளியோடு வந்திருக்கும்.

பிறகு முடிவு செய்தனர். தாயாரின் பணத்தில் ஒரு காசும் தொடுவதில்லை. அதனை மகனே சொன்னார். காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப்பட்டது. தமக்கையும் அவர் கணவரும் 6,000 வெள்ளி கொடுத்தனர். அதில் உரிமமற்ற இருவருக்கும் வாங்கிய முதல் 5,000; அதற்குமேல் ஒரு வெள்ளியும் இல்லையென்று தமக்கையின் கணவர் நேரே சொல்லிவிட்டார். எஞ்சிய 1,000 வாடகைக்கு. மாதம் 200 வெள்ளியாக முப்பது மாதம், வட்டியில்லை என்று நோட்டில் எழுதி மூவரும் கையெழுத்திட்டனர். வங்கிகளுக்குரிய 13,400 வெள்ளிக்குக் குடும்பத்தார் பணம் கொடுக்கவில்லை. பேங்க் நெகாரா 2006-இல் நிறுவிய ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனத்திற்குத் தமக்கை உடன் சென்றார். அங்கே கட்டணமில்லை. சம்பளத்தில் செலவு போகச் சிறிதாவது மிஞ்சுவோர்க்கு, வங்கிகளோடு பேசித் தவணையை வகுத்துத் தருகின்றார்கள். சிங்கப்பூரிலும் கடன் ஆலோசனைக்கென்றே ஓர் அறநிறுவனம் இத்தகைய பணியைச் செய்து வருகின்றது. கடன் அட்டையைத் தம்பியே கத்தரியால் வெட்டினார்.

எல்லாம் இனிதே முடிந்தது என்று நாம் கதை சொல்லவில்லை. இரண்டு தவணை தவறிற்று. தமக்கை வீட்டில் அதனால் பேச்சும் வளர்ந்தது. ஆனால் தவறிய தவணையும் நோட்டில் எழுதப்பட்டிருந்தது. ஆகவே பேச்சு அந்தத் தவணையைப் பற்றியதாகவே இருந்தது. பிறந்த நாள் முதற்கொண்டு பழங்கதைகளைக் கிளறும் சண்டையாக ஆகவில்லை. நோட்டு செய்த உபகாரம் இது.

நமது முடிவு

குடும்ப உதவியை ஏற்கலாமா என்ற வினாவுக்கு நமது விடை இது: கணக்கைத் திறந்தவர் ஏற்கலாம், அதில் வெட்கம் சிறிதுமில்லை. கணக்கை மூடியவர் ஏற்கலாகாது. எவ்வளவு அன்பாகக் கொடுத்தாலும் ஏற்கலாகாது. ஏற்குமுன் நான்கு கேள்விகளைக் கடன்பட்டவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். என் கடன் முழுவதையும், கடைசி வெள்ளி வரை, சொல்லிவிட்டேனா? கடன் வந்த வழி அடைபட்டதா? கொடுப்பவர் இதனால் தம் முதுமையையோ வீட்டையோ இழக்காமல் இருப்பாரா? நான் திருப்பிக் கொடுக்கும் நாள் எழுதப்பட்டிருக்கின்றதா? நான்குக்கும் ஆம் என்று விடை வந்தால் இரு கையும் நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றுக்கேனும் இல்லை என்று வந்தால், அந்தப் பணம் உங்களைக் கரையேற்றாது. கொடுத்தவரையும் இழுத்துக்கொண்டு போகும்.

உறவுக்குள் கணக்கு என்ன என்று இனி எவரேனும் கேட்டால், மொய் நோட்டை எடுத்துக் காட்டுங்கள். அதில் முன்பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. பின்பக்கங்கள் வெறுமையாய்க் கிடக்கின்றன. நம் வீட்டுக் கதவில் வேறொருவன் சாயத்தால் எழுதுமுன், நம் கையால் நாமே அவற்றில் எழுதுவோமாக.